கலிப்பொலியில் ஒன்றரை நாள்

என் மகன் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் சட்டையில் ரோஸ்மேரிக் கொத்து ஒன்றைக் குத்திக்கொண்டு பள்ளியிலிருந்து வந்தான். "ஆன்சாக் டே வருதும்மா, அதுக்குக் கொடுத்தாங்க" என்றான். நாங்கள் மெல்பர்னுக்கு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 25 பொது விடுமுறை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் பெயர்ச் சுருக்கம்தான் ஆன்சாக் என்பதும், முதல் உலகப் போரின்போது 1915-இல் அதே தேதியில் அந்தப் படை துருக்கியின் கலிப்பொலித் தீபகற்பத்தில் கரையிறங்கியது என்பதும், அந்த மலைச்சரிவுகளில் ரோஸ்மேரி தானாகவே வளரும் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது அவனுக்கு 14 வயது. சென்ற செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அந்தக் கரையைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்த அப்பா திருச்சிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவரைக் கொண்டுபோய் விடும் பயணத்தோடு இஸ்தான்புல்லையும் கலிப்பொலியையும் சேர்த்துக்கொண்டோம். அப்பா 34 வருடம் வரலாறு நடத்திய ஆசிரியர். வயது 72. இரண்டு முழங்காலிலும் வலி. ஒரு பையன், ஒரு தாத்தா, நடுவில் நான் என்று மூன்று பேருக்கும் ஒரு நாள் சுற்றுலா எப்படி அமைந்தது, எதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டு போயிருக்கலாம் என்பதை எழுதி வைக்கிறேன். துருக்கிக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் இஸ்தான்புல், கப்படோக்கியாவோடு திரும்பிவிடுகிறார்கள். இங்கேயும் போக வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

முதலில் பதிவு செய்த கதை. இஸ்தான்புல்லிலிருந்து விடியற்காலையில் கிளம்பி இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும் ஒரே நாள் சுற்றுலாக்கள் நிறைய இருக்கின்றன. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். அப்பாவின் முழங்காலை நினைத்து அதை வேண்டாமென்று விட்டேன். நான் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். முந்தின நாளே பேருந்தில், கலிப்பொலிக்கு எதிர்க்கரையில் உள்ள சானக்கலே என்ற ஊருக்குப் போய் அங்கே இரண்டு இரவு தங்கினோம். வழியில் பேருந்து உதவியாளர் எல்லோருடைய கையிலும் எலுமிச்சை மணக்கும் கொலோன் ஊற்றிக்கொண்டே வந்தார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பேருந்து '1915 சானக்கலே' பாலம் வழியாகப் போனது. 2022 மார்ச் 18 அன்று திறந்த பாலம் அது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 2,023 மீட்டர். கோபுரங்களுக்கு நடுவே இவ்வளவு நீளம் உள்ள தொங்குபாலம் உலகில் வேறெங்கும் இல்லை. அந்த மார்ச் 18-க்கும் காரணம் உண்டு. 1915-இல் அதே நாளில்தான் பிரிட்டிஷ், பிரெஞ்சு போர்க்கப்பல்கள், இஸ்தான்புல்லுக்குக் கடல்வழியான இந்த டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழையப் பார்த்தன. பத்து நாள் முன்பு நுஸ்ரத் என்ற சின்னக் கப்பல் இரவோடு இரவாக 26 கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அன்று மட்டும் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கின. கடல் வழி அடைபட்டதால்தான் தரை வழியாகப் பிடிக்கலாமென்று ஏப்ரலில் படைகளை இறக்கினார்கள். இந்த முன்கதையை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வண்டியில் வழிகாட்டி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார். தெரியாதவர்களுக்கு அதற்கப்புறம் எதுவும் ஒட்டாது.

நான் செய்த தவறு, 'முழு நாள், போர்க்களங்களும் நினைவுச் சின்னங்களும்' என்ற விளம்பரத்தைப் பார்த்த உடனே பணம் கட்டியது. எந்தெந்த இடம் என்ற பட்டியலைக் கேட்கவில்லை. பன்னிரண்டு பேர் போகும் வண்டி என்று சொல்லியிருந்தார்கள். இருபதுக்கு மேல் இருந்தோம். முழு நாள் என்பது மதியச் சாப்பாட்டையும் சேர்த்து ஆறு மணி நேரம். அப்பா ஒரு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடம் அந்த வழியில் இல்லவே இல்லை. அது தெரிந்ததே சாப்பாட்டு மேசையில்தான்.

எஜெயாபாத் என்ற சின்னத் துறைமுக ஊரில் சாப்பாடு. அப்பா சைவம். துருக்கியில் 'எத் யோக்' என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்கிறார்கள். பருப்பு சூப், ரொட்டி, கத்தரிக்காய், அப்புறம் உப்புப் போட்ட மோர். மோரைக் குடித்ததும்தான் அப்பாவின் முகம் தெளிந்தது. வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், தணிந்த குரல். "அம்மாவுக்கு உங்கள் மொழியில் என்ன?" என்று அப்பா கேட்டார். 'அன்னே' என்றார் அவர். "எங்கள் மொழியில் அன்னை" என்று அப்பா சொன்னதும் மேசையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அப்பா தன் கேள்வியைக் கேட்டார்: "இந்தியர்களின் பெயர்கள் இருக்கும் நினைவுச் சின்னத்துக்கு எத்தனை மணிக்குப் போவோம்?"

வழிகாட்டி சற்றுத் தயங்கினார். "ஐயா, அது ஹெல்லெஸ். தீபகற்பத்தின் தென்முனை. இந்தச் சுற்றில் நாம் ஆன்சாக் பகுதிக்கு மட்டும்தான் போகிறோம்" என்றார். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

கலிப்பொலிக்குப் போகிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படைகள் இறங்கியது ஒரே கரையில் அல்ல. ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் இறங்கியது மேற்குக் கரையில், இன்று ஆன்சாக் கோவ் என்று அழைக்கப்படும் இடத்தில். பிரிட்டிஷ் படையின் பெரும்பகுதி இறங்கியது தெற்கே ஹெல்லெஸ் முனையில். ஆகஸ்டில் வடக்கே சுவ்லா விரிகுடாவில் இன்னொரு படை இறங்கியது. ஆங்கிலத்தில் நடக்கும் அரைநாள் சுற்றுலாக்கள் பெரும்பாலும் முதல் இடத்தை மட்டும் காட்டும்; வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள். துருக்கியர்கள் குடும்பம் குடும்பமாகப் போவது வேறு வழியில். ஆகவே யாருடைய பெயரைத் தேடிப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு சுற்றுலாவைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் நிறுத்தம் கபாதெபேயில் உள்ள காட்சியகம். சுவர்களும் தரையும் அதிர, போர் நடக்கும் நடுவில் நிற்பதுபோலக் காட்டும் அறைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு நினைவிருப்பது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் விரல் நுனி அளவு உலோகத் துண்டு ஒன்று. இரண்டு துப்பாக்கிக் குண்டுகள் எதிரெதிரே பறந்து வந்து காற்றிலேயே மோதி, ஒன்றில் ஒன்று செருகிக் கிடக்கின்றன. ஒரு சிலுவையைப் படுக்க வைத்ததுபோல இருந்தது. ஒரு சதுர மீட்டர் காற்றில் எத்தனை குண்டு பறந்திருந்தால் இது நடக்கும் என்று மகன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். இங்கேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வெகுநேரம் இரண்டுமே எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்து கடலோரமாக வண்டி போனது. கடற்கரை மயானத்தில் இறங்கினோம். மயானம் என்றதும் வரிசையாக நிமிர்ந்து நிற்கும் கல்லறைக் கற்களைத்தான் எதிர்பார்த்தேன். இங்கே அப்படி இல்லை. மண் உறுதியில்லாத இடம் என்பதால் கற்களைத் தரையோடு தாழ்வாக, சாய்ந்த பலகைபோல வைத்திருக்கிறார்கள். குனிந்தால்தான் படிக்க முடியும். அப்பாவால் குனிய முடியவில்லை. மகன் ஒவ்வொரு கல்லாக உட்கார்ந்து படித்துத் தாத்தாவுக்குச் சொன்னான். பெயர், படை, தேதி, வயது. வயதுதான் மனதை அறுக்கிறது: 19, 22, 20, 24. ஆஸ்திரேலியர்களின் கற்களில் கீழே குடும்பத்தார் கொடுத்த ஒரு வரி இருக்கிறது. இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அன்றைய விதி. நியூசிலாந்து அரசு அந்த வரியை அனுமதிக்கவில்லை. அதனால் அவர்களின் கற்கள் மௌனமாக இருக்கின்றன. ஒரே மகனைக் கொடுத்த தாய் எழுதிய வரியைப் படித்தபோது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதே மயானத்தில்தான் சிம்ப்சன் இருக்கிறார். ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடங்களில் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். இங்கிலாந்தில் பிறந்த கப்பல் தொழிலாளி. காயம்பட்டவர்களை ஒரு கழுதைமேல் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தவர். 1915 மே 19 அன்று இறந்தார், 22 வயது. கரையிறங்கி மூன்றரை வாரம்தான். மகனுக்குத் தெரியாத ஒன்றை வழிகாட்டி சொன்னார்: சிம்ப்சன் தன் படைப்பிரிவோடு தங்காமல் இந்திய மலைப் பீரங்கிப் படையினரின் கோவேறு கழுதைக் கொட்டடியில்தான் தங்கியிருந்தார், அவர்களோடுதான் சாப்பிட்டார், அவர்கள் அவரை 'பகதூர்' என்று கூப்பிட்டார்கள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். கோஹாட், ஜேக்கப்ஸ் என்ற இரண்டு இந்திய மலைப் பீரங்கி அணிகள் முதல் நாளே ஆன்சாக் கரையில் இறங்கியவை. தண்ணீர், தோட்டா, ரொட்டி எல்லாவற்றையும் மலைமேல் கொண்டுபோனவை இந்தியர்கள் ஓட்டிய கோவேறு கழுதை வண்டிகள். வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு வைத்தால் அவர் அதற்கேற்பச் சொல்லும் கதையை மாற்றிக்கொள்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரே அப்பாவின் பக்கம் திரும்பி "இங்கே உங்கள் ஊர்க்காரர்கள்..." என்று தொடங்கினார்.

ஆன்சாக் கோவ் சின்னஞ்சிறு கரை. நீளம் அரை கிலோமீட்டரைத் தாண்டினால் அதிகம். அகலம் சில அடிகள். மணலைவிடக் கூழாங்கல்தான் அதிகம். மேலே சாலையை அகலப்படுத்தியதிலும் கடல் அரித்ததிலும் இன்னும் குறுகிப்போயிருக்கிறது. மெரினாவைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இதையா கடற்கரை என்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் திரும்பி மேலே பார்த்தால் மூச்சு நின்றுவிடும். செங்குத்தான மண்மேடு, அதன்மேல் இன்னொரு மேடு, உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. எகிப்தில் பயிற்சி பெற்று வந்தவர்கள் அதற்கு ஸ்பிங்க்ஸ் என்று பெயர் வைத்தார்கள். விடிவதற்கு முன் நாலரை மணிக்குப் படகிலிருந்து குதித்தவர்கள், நனைந்த உடுப்போடும் முதுகுச் சுமையோடும் ஏறியது அந்த மேட்டில்தான். திட்டமிட்ட இடத்துக்கு வடக்கே ஒதுங்கி இறங்கியதால்தான் இந்த மேடுகள் அவர்களுக்கு எதிரே நின்றன.

அப்பா அந்தக் கரையில் நின்று மகனிடம் எம்டன் கதையைச் சொன்னார். நம் ஊரில் மிரட்டலான ஆளை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். உயர் நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு வாரம் கழித்து நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனை அடித்து முடக்கியது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். அந்த நேரத்தில் சிட்னி செய்துகொண்டிருந்த வேலை என்ன? ஆன்சாக் படையின் முதல் தொகுதியை ஏற்றி வந்த 38 கப்பல்களுக்குக் காவல். அந்தக் கப்பல்கள் அப்படியே கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எகிப்துக்குப் போயின. "சென்னையைச் சுட்டவனை வீழ்த்திட்டுப் போனவங்கதான்டா இங்க வந்து இறங்கினாங்க" என்றார் அப்பா. மகன் கடலையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தான். பள்ளியில் படித்த கதையும் தாத்தா ஊர்க் கதையும் ஒரே கதை என்று அவனுக்குத் தெரிந்த இடம் அது. கொழும்பு என்றதும் இன்னொன்று: இந்தக் கரையில் ஆன்சாக் தளபதி பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றது இலங்கைத் தோட்டத் துரைமார்களின் துப்பாக்கிப் படை. நம் மக்கள் கொழுந்து பறித்த தோட்டங்களின் துரைமார்கள்.

கரையின் வடக்கு முனை அரி புர்னு. அங்கே ஒரு பெரிய கல்லில், தூர தேசத்துத் தாய்மார்களே கண்ணீரைத் துடையுங்கள், உங்கள் பிள்ளைகள் எங்கள் மண்ணில் எங்கள் பிள்ளைகளாகிவிட்டார்கள் என்ற பொருளில், அன்று எதிர்த்தரப்பில் படை நடத்தி, பிறகு துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அதாதுர்க்கின் பெயரால் ஒரு செய்தி செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் அதை உண்மையில் சொன்னாரா என்று ஆய்வாளர்கள் சிலர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். வழிகாட்டி அதையும் மறைக்காமல் சொன்னார். யார் சொல்லியிருந்தாலும் அந்தக் கல்லின் முன்னால் நின்ற ஒரு நியூசிலாந்துப் பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு மலைமேல் ஏற்றம். வண்டிதான் ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, சரளைக்கல்லில் நூறு இருநூறு மீட்டர் நடந்து, திரும்பி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுதான் சோதனை. ஊன்றுகோல் கட்டாயம் கொண்டுபோங்கள். மடக்கி நாற்காலி ஒன்றும் இருந்தால் பெரிய உதவி. நாங்கள் எல்லா இடத்திலும் இறங்கவில்லை. இரண்டு இடங்களில் அப்பாவை வண்டியிலேயே உட்கார வைத்தோம். அதில் தவறில்லை என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நமக்காக இழுத்துக்கொண்டு நடப்பார்கள்.

லோன் பைன். துருக்கியர்கள் இந்த மேட்டை கன்லிசர்த் என்கிறார்கள், ரத்தமேடு. ஒரே மண்ணுக்கு ஒரு பக்கம் ஒற்றைப் பைன் மரத்தின் பெயர், மறுபக்கம் ரத்தத்தின் பெயர். 1915 ஆகஸ்ட் 6 மாலை ஆஸ்திரேலியர்கள் பாய்ந்தபோது எதிரியின் பதுங்குகுழிகள் பைன் கட்டைகளால் மூடியிருந்தன. கட்டைகளைப் பெயர்த்துவிட்டு இருட்டுக்குள் குதித்தார்கள். நான்கு நாள், கைக்கெட்டும் தூரத்தில் சண்டை. ஆஸ்திரேலியத் தரப்பில் மட்டும் 2,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்; துருக்கியர்கள் இழந்தது அதைவிட மிக அதிகம். ஏழு ஆஸ்திரேலியர்களுக்கு, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இப்போது புல்வெளியின் நடுவே ஒரு பைன் மரம் நிற்கிறது. மகன் ஆறாம் வகுப்பில் கான்பெரா சுற்றுலா போனபோது அங்குள்ள போர் நினைவகத்தில் இந்த மேட்டின் பைன் விதையிலிருந்து வளர்ந்த மரத்தைப் பார்த்திருக்கிறான். அதனால் இங்கே அவனுக்குத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்ததுபோல.

அவன் தேடி வந்தது ஒரு பெயரை. ஜேம்ஸ் மார்ட்டின். மெல்பர்னின் ஹாத்தார்ன் பகுதியில் வளர்ந்த பையன். எங்கள் வீட்டிலிருந்து டிராமில் போகும் தூரம். பதினெட்டு வயது என்று பொய் சொல்லிப் படையில் சேர்ந்தான். அம்மா சம்மதிக்கவில்லை; நீ கையெழுத்துப் போடாவிட்டால் வேறு பெயரில் சேர்ந்துவிடுவேன், கடிதமும் எழுத மாட்டேன் என்றான்; அவள் கையெழுத்துப் போட்டாள். கலிப்பொலிக்கு வரும் வழியிலேயே அவன் வந்த கப்பல் தாக்கப்பட்டது. அதில் தப்பித்தான். பதுங்குகுழியில் டைபாய்டு வந்து, மருத்துவக் கப்பலில் 1915 அக்டோபர் 25 அன்று இறந்தான். அப்போது அவனுக்கு 14 வயது 9 மாதம். முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்களிலேயே இளையவன் அவன்தான் என்று கருதப்படுகிறது. உடலைக் கடலில் விட்டார்கள். ஆகவே கல்லறை இல்லை. லோன் பைன் நினைவுச் சுவரில் உள்ள 4,900-க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்றாக இருக்கிறான்.

எந்தப் பலகையில் என்று மகன் மெல்பர்னிலேயே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடி எழுதி வைத்திருந்தான். ஒரு பெயரை மனதில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். இங்கே எங்களுக்குக் கிடைத்த நேரம் இருபது நிமிடம். தேடிக்கொண்டிருந்தால் அதிலேயே முடிந்துவிடும். அவன் நேராகப் போய் நின்றான். பெயரைத் தொட்டான். எழுத்து கல்லில் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது, விரல் நுனி அதற்குள் போகிறது. "என் கிளாஸ் பசங்க வயசும்மா" என்றான். "ஆமாப்பா" என்றேன். வேறென்ன சொல்ல? அந்த அம்மாவின் கையெழுத்தைப் பற்றித்தான் வண்டி கிளம்பும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போட்டிருப்பேனா?

ஜான்ஸ்டன்ஸ் ஜாலி என்ற இடத்தில் சாலைக்கு ஒரு பக்கம் துருக்கியரின் பதுங்குகுழி, மறுபக்கம் ஆன்சாக் படையின் பதுங்குகுழி. இன்றும் பள்ளம் தெரிகிறது, பைன் சருகு மூடிக்கிடக்கிறது. நடுவில் உள்ள சாலை ஒரு பேருந்து போகும் அகலம். மே 24 அன்று ஒரு நாள் போர் நிறுத்தம் செய்துகொண்டு இரு தரப்பும் இந்த நடுவெளியில் பிணங்களைப் புதைத்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அடுத்து 57-ஆவது படைப்பிரிவின் நினைவிடம். இங்கே கூட்டம் முழுக்கத் துருக்கியக் குடும்பங்கள். பாட்டிமார்கள் கையேந்திப் பிரார்த்தித்தார்கள். இந்தப் படையை வைத்துக்கொண்டுதான் முஸ்தபா கெமால் முதல் நாள் ஆன்சாக் முன்னேற்றத்தைத் தடுத்தார். உங்களைத் தாக்கச் சொல்லவில்லை, சாகச் சொல்கிறேன் என்று அவர் ஆணையிட்டது இவர்களிடம்தான். எங்கள் வண்டியில் வந்த சிலர் இங்கே இறங்கவே இல்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது. கலிப்பொலியில் மற்ற எல்லோரையும்விட அதிகமாக இறந்தவர்கள் துருக்கியர்கள்தான். 86,000-க்கும் அதிகம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆஸ்திரேலியர்கள் 8,700 பேர். வீட்டுக்காரர் இழவை விசாரிக்காமல் திரும்பி வரலாமா?

நெக் என்ற குறுகிய முகட்டில் ஐந்து நிமிடம்தான் நிறுத்தினார்கள். மூன்று டென்னிஸ் மைதானம் அளவு இடம். ஆகஸ்ட் 7 அதிகாலையில் பீரங்கிச் சூடு, தாக்குதல் தொடங்க ஏழு நிமிடம் இருக்கும்போதே நின்றுவிட்டது. அதனால் எதிரிகள் எழுந்து நிற்க நேரம் கிடைத்தது. அப்படியும் ஆஸ்திரேலியக் குதிரைப்படையினர் குதிரை இல்லாமல் அலை அலையாக எழுந்து ஓடினார்கள். 234 பேர் இறந்தார்கள். என் கைக்கடிகாரத்தில் ஏழு நிமிடம் எவ்வளவு நீளம் என்று பார்க்க நினைத்தேன். அதற்குள் வண்டியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கடைசி நிறுத்தம் உச்சி. ஆங்கிலத்தில் சுனுக் பைர், துருக்கியில் ஜோங்க்பயரி. நியூசிலாந்தின் கல்தூணும் முஸ்தபா கெமாலின் சிலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆகஸ்ட் 8 அன்று நியூசிலாந்தின் வெலிங்டன் படை இந்த உச்சியைப் பிடித்தது. 10-ஆம் தேதி கெமாலின் எதிர்த்தாக்குதலில் உச்சி பறிபோனது. அவர் மார்பில் பட்ட குண்டுச் சிதறலைச் சட்டைப் பையில் இருந்த கடிகாரம் தாங்கியது என்பது துருக்கியில் குழந்தைக்கும் தெரிந்த கதை. இதற்கு நடுவில், 9-ஆம் தேதி, சற்று வடக்கே உள்ள முகட்டில் ஏறியது இந்திய ராணுவத்தின் ஆறாம் கூர்க்கா படை. கலிப்பொலிப் போரில் அந்த முகட்டைத் தாண்டி நீரிணையைக் கண்ணால் பார்த்த மிகச் சிலரில் அவர்கள் அடக்கம். உடனே அவர்கள்மேல் குண்டுகள் விழுந்தன. சொந்தத் தரப்புப் பீரங்கிகளாகவே இருக்கலாம் என்கிறார்கள். பின்வாங்கினார்கள். அப்பா அங்கே நின்று கிழக்கே பார்த்தார். நீரிணை வெயிலில் மின்னியது, ஒரு சரக்குக் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீருக்காகத்தான் எட்டு மாதம். காற்று மட்டும் பலமாக அடிக்கும். செப்டம்பரிலேயே சால்வை தேவைப்பட்டது. பிடிமானமுள்ள காலணி, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சில்லறை லிரா. இதற்கு மேல் சுமக்க வேண்டாம். ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் மார்ச் 18-ஐ ஒட்டியும் கூட்டமும் சாலைக் கட்டுப்பாடும் அதிகம். சுற்றிப் பார்க்க மட்டும் வருபவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.

இரவு விடுதியில் அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு மதியம்தானே நமக்குப் பஸ்ஸு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் கீழே போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் காலைக்கு ஒரு டாக்ஸி பேசினேன். சுற்றுலாவுக்கு மூன்று பேருக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே ஆனது. முதலிலேயே ஒரு நாளைக்குத் தனி வண்டியும் வழிகாட்டியும் பேசியிருந்தால் ஆன்சாக்கையும் ஹெல்லெஸையும் எங்கள் இஷ்டப்படி பார்த்திருக்கலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள்.

காலை முதல் படகில் அக்கரை போய்த் தெற்கே ஓட்டினார் டிரைவர். சூரியகாந்தி அறுத்த வயல், ஆலிவ் தோப்பு. செத்துல்பஹிர் கோட்டையை ஒட்டி 'வி' கரை. ஒரு பழைய நிலக்கரிக் கப்பலில் இரண்டாயிரம் பேரை அடைத்துக் கரையில் மோதி நிறுத்தி, பக்கவாட்டுக் கதவு வழியாக இறக்கிய இடம் அது. கதவு திறந்த உடனே துப்பாக்கிகள் காத்திருந்தன. இப்போது தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கிறது, கரையிலேயே மயானம். சுற்றுலாப் பேருந்து ஒன்றுகூட இல்லை.

ஹெல்லெஸ் நினைவுத்தூண் முப்பது மீட்டருக்கு மேல் உயரம், கப்பலில் போகிறவர்களுக்கும் தெரியும்படி முனையில் நிற்கிறது. சுற்றுச் சுவர் முழுக்கப் பெயர்கள், 20,000-க்கும் மேல். கலிப்பொலியில் 15,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் பலரைத் தகனம் செய்தார்கள். இன்னும் பலரின் உடல் கிடைக்கவே இல்லை. அதனால் அவர்களுக்கு மிஞ்சியது இந்தச் சுவர்தான். 1915 ஜூன் 4 அன்று இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஓடைப் பள்ளத்தில் 14-ஆம் சீக்கியர் படை ஒரே நாளில் தன் ஆட்களில் பெரும்பகுதியை இழந்தது. அந்தப் படையின் பெயர்ப்பலகை முன்னால் மகன் தாத்தாவைக் கொண்டுபோய் நிறுத்தினான். இங்கே குனிய வேண்டியதில்லை. பெயர்கள் கண் உயரத்தில் இருந்தன.

மேலே படையின் பெயர், அடுத்து பதவி, அதற்குக் கீழே ஆட்கள். சிங், சிங், சிங். அடுத்த பலகைகளில் கூர்க்காக்களின் தாபா, குருங். அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாய்விட்டுப் படித்தார். வகுப்பில் வருகைப் பதிவேடு படிக்கும் அதே குரல், அதே நிதானம். ஒரு தமிழ்ப் பெயராவது இருக்குமா என்றும் தேடினார். நாங்கள் பார்த்த வரிசைகளில் இல்லை. "அதனால என்ன, எல்லாம் நம்ம பசங்கதான்" என்றார்.

டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். "ஹிந்திஸ்தான்?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். அவர் போய் மூன்று தண்ணீர் பாட்டில்களோடு திரும்பி வந்தார். மணி பதினொன்றரை. இப்போது கிளம்பினால்தான் படகைப் பிடிக்கலாம் என்று சைகை காட்டினார். "இன்னும் மூணு பலகை இருக்கும்மா" என்றார் அப்பா. அடுத்த படகில் போய்க்கொள்ளலாம் என்று டிரைவரிடம் சொன்னேன்.